கழுவாத பெட்ரோல் டேங்க்

அப்பாவின் பழைய அம்பாசிடர் காரில் பெட்ரோல் டேங்க் துருப்பிடித்து ஒழுகியது. பெட்ரோலை வடித்துவிட்டு, டேங்கைக் கழற்றி, பழவேற்காட்டில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் வெல்டரிடம் கொண்டுபோனேன்.

“உள்ள சோப்புத்தண்ணி ஊத்திக் கழுவிட்டியா சார்?” என்று கேட்டார்.

“கழுவிட்டேன்” என்றேன். பொய். காலி டேங்கில் தங்கும் ஆவியே வெடிக்கும் என்று தெரிந்தும், அவசரத்தில் சொல்லிவிட்டேன்.

பட்டறையைச் சுற்றியிருந்த மீன் வாடையில் அவருக்குப் பெட்ரோல் வாசனை தெரியவில்லை. பற்றவைக்கப் போகும் நேரம், அவர் மனைவி சாப்பாட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நிறுத்துங்க! நான் கழுவவே இல்ல!” என்று கத்தினேன்.

அவர் வெல்டிங் டார்ச்சைக் கீழே வைத்தார். “இன்னா சார்... இப்பவாச்சும் சொன்னியே. வா, கழுவிக் காயவெச்சுட்டு நாளைக்குப் பாக்கலாம்.”

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். கணவனும் மனைவியும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தந்ததைத்தான் மறக்க முடியவில்லை. மறுநாள் அவர் பற்றவைத்துக் கொடுத்த டேங்கோடு கார் நன்றாக ஓடுகிறது. தவறை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது பயமில்லை.