காசில் உட்காரவைத்த சிப்போராள்

எங்கள் ரோமாபுரிக் காசில், ஈச்சமரத்தடியில் தலையில் கைவைத்து ஒருத்தி அழுகிறாளே, அவள் என் பக்கத்து அறைக்காரி சிப்போராள். அவளுக்கு நடந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

எருசலேம் எரிந்தபோது புருஷனையும் இரண்டு பையன்களையும் பறிகொடுத்து, இடுப்பில் கைக்குழந்தை தீனாளோடு சங்கிலியில் இங்கே அடிமையாக வந்தவள். எஜமானி சாகும்போது விடுதலை கொடுத்துவிட்டுப் போனாள். அப்புறம் ஆற்றுக்கு அக்கரையில், எங்கள் சந்தில், அவித்த கொண்டைக்கடலை விற்றுப் பெண்ணை வளர்த்தாள்.

நாணயச்சாலையில் அச்சு வெட்டுகிற நிகாந்தர் ஒருநாள் கடைக்கு வந்தான்.

"ஒரு வியாபாரி செத்துட்டாரும்மா. கல்லறைக் கல்லுல அழுகிற பொம்பள செதுக்கணும். கொஞ்சம் உட்காருங்களேன்."

உருவம் செதுக்குவதெல்லாம் அவள் ஜனத்துக்கு ஆகாது. ஆனாலும் சாவுக் காரியம் என்றதும் இரங்கிவிட்டாள். கூலிகூட வேண்டாம் என்றாள். தரையில் உட்கார்ந்தவளுக்கு நடிக்கவா தெரியும்? பிள்ளைகளை நினைத்து நிஜமாகவே அழுதாள். அந்தப் பாவி அதை மெழுகில் கீறிக்கொண்டு போனான்.

கல்லறையாவது, கல்லாவது! புதுக் காசு வந்தது. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் சிப்போராள், அவள் பக்கத்தில் ஈட்டியோடு நிமிர்ந்து நிற்கும் சிப்பாய். ஓரத்தில் 'யூதேயா பிடிபட்டது' என்று எழுத்து. சண்டை முடிந்து இத்தனை வருஷமாகியும் இவர்களுக்குப் பெருமை அடங்கவில்லை. ரொட்டிக்கு அலைகிறவன் கையிலும் அந்த வெற்றியைத் திணித்தார்கள். போதாததற்கு நிகாந்தர் மதுக்கடையில், "அது நம்ம கடலைக்காரம்மாதான்" என்று பீற்றிக்கொண்டான். ஊரெல்லாம் பரவிவிட்டது.

நான் சும்மா விடுவேனா? அவன் சட்டையைப் பிடித்தேன். "ஏண்டா, நீயெல்லாம் மனுஷனா?"

"நானும் அடிமைதானேக்கா. பொய்யழுகை வெட்டிக் கொடுத்தா மேல இருக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க."

அடப்பாவிகளா, அழுகையிலும் அசல்தான் கேட்கிறது இவர்களுக்கு!

தீனாளுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, எண்ணெய் வியாபாரி எலெயாசார், விறைப்பாக வந்து நின்றார்.

"நம்ம ஜனத்தோட கண்ணீரையே வித்துட்ட. இந்தச் சம்பந்தம் சரிப்படாது."

"தெரியாமப் பண்ணிட்டேண்ணா. ஒத்தக் காசு வாங்கல. எம் பொண்ண தண்டிச்சிராதீங்க" என்று சிப்போராள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, அந்தக் காசை வாங்காமலா நீ எண்ணெய் விக்கிற? உன்கிட்ட இருக்கறத ஆத்துல வீசிட்டு வா, அப்புறம் பேசலாம்."

"நீ வெளி ஆளு, வாய மூடு" என்றார். கை மட்டும் தானாகப் போய் இடுப்பிலிருந்த காசுப் பையைப் பொத்தியது.

தீனாள் அதைப் பார்த்துவிட்டாள். அம்மாவைத் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள். பிறகு போய்க் கதவைத் திறந்தாள்.

"போயிட்டு வாங்க மாமா. எங்கம்மாவ இடுப்புல முடிஞ்சு வெச்சுக்கிட்டு, எங்ககிட்ட மானம் பேசாதீங்க."