பேனரில் என் படம்

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். இன்று ஏழு லாரிகளுக்குச் சொந்தக்காரன். என்னிடம் கணக்கு எழுதும் அற்புதசாமியின் மகள் ஜெஸ்லினுக்கு டெல்லியில் பேர்போன சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்ததும், உறையூர் பஸ் நிறுத்தத்தில் வாழ்த்து பேனர் வைத்தது நான்தான். அவள் படம் சின்னது, என் படம் பெரியது. செலவு என்னுடையதாயிற்றே.

மறுநாள் அவளே வந்தாள். "ஐயா, பதினெட்டு லட்சம் லோன் வேணும். நீங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டா பேங்க்ல தர்றேங்கிறாங்க."

"எனக்கு எவன் போட்டான்? பேனர் வச்சேன்ல, போதாதா?"

வீட்டை விற்கிறேன் என்றார் அற்புதசாமி. அவள் விற்க விடவில்லை. திருச்சி அரசு சட்டக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"பேனரை எடுத்துடுங்கய்யா. எப்ப டெல்லி கெளம்புறேன்னு எல்லாரும் கேக்குறாங்க."

"காலேஜ் பேரு மேல பேப்பர் ஒட்டச் சொல்றேன். என் படம் அதுல நல்லா விழுந்திருக்கும்மா."

சொன்னபடியே ஒட்டினேன், வாக்குத் தவறாதவன். தினமும் அதற்குக் கீழே நின்றுதான் காலேஜுக்கு பஸ் ஏறுகிறாள். என் காரைக் கண்டால் வணக்கம் வைக்கிறாள். அப்பா இன்னும் என்னிடம்தானே வேலை பார்க்கிறார்.