சுசீலா டீச்சரின் கினிப்பன்றிகள்

ஒரு நாள் காலையில் மாடம்பாக்கத்திலிருந்து போன் வந்தது. "சார், நம்ம சுசீலா டீச்சர் போய்ட்டாங்க. தூக்கத்துலயே" என்றார் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் பள்ளியில் அவர் உயிரியல், நான் கணக்கு. ஓய்வுக்குப் பிறகு அவர் கினிப்பன்றி வளர்த்தார் என்பதும், அவற்றைப் பற்றி ஊரார் சொல்லும் கதைகளோடு மல்லுக்கட்டியே களைத்தார் என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும்.

ஒரு முறை பெரும்பாக்கத்திலிருந்து ஒரு பெண் தன் கினிப்பன்றியைப் பறவைக் கூண்டில் வைத்துக் கொண்டுவந்தார். அது கால் ஊன்ற முடியாமல் சுருண்டு கிடந்தது.

"கேரட்டுதான் போடுறேன் டீச்சர். தண்ணி வேணாம்னு கடைக்காரர் சொன்னாரு."

"கடைக்காரர் குடிக்கிறாரா இல்லையா? கேட்டியாம்மா?" என்றார் டீச்சர். கோபத்தை அடக்கிக்கொண்டு அவரே விளக்கினார். "இதுக்குப் புல்லுதான் சாப்பாடு. கேரட் மிட்டாய் மாதிரி. நம்ம உடம்பு மாதிரியே இதுக்கும் வைட்டமின் சி தானா ஊறாது. குடைமிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் கொய்யா குடு. மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு."

அந்தப் பெண் போனதும் என் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷம் பசங்களுக்குச் சொன்னேன், புரிஞ்சுது. பெரியவங்களுக்குச் சொல்லி மாளல சார்."

டீச்சர் இறந்த அன்று அவர் வீட்டில் எனக்கும் அதேதான் நடந்தது. கூடத்தில் கூட்டம் சேரும் என்று அவருடைய கினிப்பன்றிகள் இரண்டையும் மொட்டை மாடித் தகரக் கூரையடியில் வைத்திருந்தார்கள். சித்திரை வெயில். அடுப்பு எரியாத வீடு என்பதால் அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் தயிர்சாதம் கொண்டுவந்திருந்தார்கள். அதில் ஒரு கிண்ணம் கூண்டுக்குள்ளும் இருந்தது. "டீச்சர் புள்ள மாதிரி வளத்தாங்களே, பட்டினி போடலாமா?" என்றார் ஓர் அம்மா. அன்பில் குறையில்லை. ஆனால் பழுப்பு நிறக் கினிப்பன்றி தரையோடு தரையாகப் படுத்து மூச்சு வாங்கியது.

இரண்டையும் கீழே தூக்கிவந்து, பின்னறையின் குளிர்ந்த தரையில் விட்டு, ஈரத்துணியால் ஒற்றினேன். காலி மனையில் அறுகம்புல் பறித்துவந்து போட்டேன். வெள்ளை உடனே கடித்தது. பழுப்பு மாலையில்தான் வாய் வைத்தது.

காரியம் முடிந்ததும் பாத்திரம், புடவை என்று பங்கு பிரித்தார்கள். "இதையும் ஆளுக்கொண்ணா எடுத்துக்கலாம்" என்றார் டீச்சரின் தம்பி மகன்.

"பிரிக்காதீங்க தம்பி. அக்கா தங்கச்சி ரெண்டும். தனியா விட்டா ஏங்கிப் போயிடும்."

"ரெண்டா வெச்சா குட்டி போட்டுத் தள்ளிடுமே சார்?"

"ரெண்டும் பொண்ணுப்பா!"

"எலிக்கு இவ்ளோ பேஜாரா? நீங்களே வெச்சுக்குங்க சார்."

கோபத்தில் சொன்னார். நான் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, கூண்டோடு ஆட்டோ ஏறினேன்.

இப்போது இரண்டும் சேலையூரில் என் வீட்டு ஹாலில், மின்விசிறிக்குத் தள்ளி, நிழலில் இருக்கின்றன. டீச்சரிடமிருந்து எனக்கு வந்தவை இவை மட்டுமல்ல, அவர் பாதியில் விட்டுப்போன வகுப்பும்தான். நேற்று மாடி வீட்டு அம்மா பிஸ்கட்டோடு வந்தார். ஏன் கூடாது என்று உட்காரவைத்துச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார். இன்று காலை ரஸ்க்கோடு வந்து நின்றார். மறுபடியும் உட்காரச் சொன்னேன்.