ஓரா மீனுக்குக் காவிரித் தண்ணீர்

கணுக்காலைச் சுற்றி யாரோ ஈரத் தலைமுடியை அவிழ்த்து விட்டதைப் போல ஒரு வழுவழுப்பு, முழங்கால் வரை வெதுவெதுப்பான தண்ணீர், உதட்டில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் உப்பு. கடல் என்றால் அலை என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் கடலைப் புரிய வைப்பது கொஞ்சம் கஷ்டம்தான். சேதுபாவாசத்திரத்துக்குப் பக்கத்தில், என் மாமா வீட்டுக்குப் பின்னால் இருந்த கடலில் அலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது. வெகுதூரம் நடந்தாலும் பத்து வயதுப் பெண்ணான எனக்கே இடுப்பளவு ஆழம்தான். அடியில் முழுக்க முழுக்கப் பச்சைப் புல். நடவு முடிந்த வயலில் தண்ணீர் நிற்பதைப் போல இருக்கும்.

அந்தப் புல்லுக்குள்தான் மாமாவின் பிழைப்பு நடந்தது. விடிந்ததும் ‘வத்தை’ என்கிற சின்னப் படகை நீளக் கம்பால் ஊன்றித் தள்ளிக்கொண்டு போய், புல்லுக்கு நடுவே கம்புகள் நட்டுக் கட்டியிருந்த வலையைப் பார்த்து வருவார். நண்டும் கணவாயும் இருக்கும். அதிகம் இருப்பது ‘ஓரா’. மாடு மாதிரி கூட்டமாக வந்து புல் மேய்கிற மீன் அது. முதுகு முள் குத்திவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. நான் வத்தையை விட்டு இறங்கும்போதெல்லாம் மாமா ஒரே பாட்டைத்தான் பாடுவார்: “காலைத் தூக்கி வைக்காத. இழுத்து இழுத்து வா. புல்லுக்குள்ள திருக்கை படுத்திருக்கும், மிதிச்சியோ தொலைஞ்ச.” காலை இழுத்து நடந்தால் அது அதிர்வு தெரிந்து விலகிப் போய்விடுமாம்.

கோடை விடுமுறை தோறும் நான் மட்டும்தான் அங்கே போவேன். அம்மா பிறந்து வளர்ந்த வீடு, ஆனால் அம்மா வர மாட்டாள். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். காரணம் தண்ணீர்.

எங்கள் வீடு திருச்சி உறையூரில். அப்பா டவுன் பஸ் கண்டக்டர். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய்த் திரும்புகிறவர்; அந்த ஆற்றைத் தானே வெட்டி விட்டது போல அப்படி ஒரு கர்வம். குழாயிலும் காவிரிதான் வந்தது, ஆனாலும் குடிப்பதற்கு ஆற்றிலிருந்தே ஒரு குடம் மொண்டு சைக்கிளில் கட்டி எடுத்து வருவார். கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும்போது மணலைத் தோண்டி ‘ஊற்று’ எடுத்து, கலங்கல் தெளியும் வரை பொறுமையாக உட்கார்ந்து, டம்ளர் டம்ளராக மொண்டு குடத்தை நிரப்புவார். யாருக்குத் தலைவலி என்றாலும், வயிற்றுவலி என்றாலும், அப்பாவின் முதல் வைத்தியம் ஒரு செம்பு காவிரித் தண்ணீர்.

எனக்கு நாலு வயதாக இருந்தபோது மாமா வீட்டு விருந்தில், கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் முற்றத்தில் துப்பினாராம். “இதெல்லாம் ஒரு தண்ணியா? மனுஷன் குடிப்பானா இதை?” மாமாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. “அப்ப உங்க காவிரிக்கே போய்க் குடிங்க மாப்ளே” என்றாராம். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அத்தோடு போக்குவரத்து நின்றது. மாமா என்னை அழைத்துப் போகவும் திரும்பக் கொண்டுவந்து விடவும் திருச்சி பஸ் ஸ்டாண்ட் வரை வருவார், வீட்டுக்கு வர மாட்டார். அம்மாவை யாராவது கேட்டால், “அவரை மதிக்காத வாசப்படியை நான் மிதிக்கணுமா?” என்பாள். அவளுக்கும் ரோஷம் இருந்தது. ஆனால் ஊரிலிருந்து நான் திரும்பி வந்ததும் முதல் வேலையாக என் தலையை இழுத்து வைத்து மோந்து பார்ப்பாள். என் அழுக்குத் துணிகளை இரண்டு நாள் துவைக்காமல் வைத்திருப்பாள். அது எதற்கு என்று எனக்கு அப்போதே தெரியும்.

அதனால்தான் அந்த வருஷம் அவளுக்குக் கடலைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்தேன். விரல் நீளத்தில் ஒரு ஓராக் குஞ்சு, வேரோடு பிடுங்கிய ஒரு பிடி புல், ஒரு பானைக் கடல்தண்ணீர். மாமா சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை. மாற்றி ஊற்றுவதற்கென்று ஒரு கேன் நிறையக் கடல்தண்ணீரும் பிடித்துக் கொடுத்தார். பட்டுக்கோட்டையில் ஒரு பஸ், தஞ்சாவூரில் ஒரு பஸ். வழி முழுக்கப் பானை என் மடியில்தான் இருந்தது. தளும்பித் தளும்பிப் பாவாடை நனைந்து, இறங்கும்போது உப்புப் பூத்து விறைத்துப் போயிருந்தது.

அம்மா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சோறு வடிக்க மறந்து போனாள். சிறுமியாக இருந்தபோது வாயில் கயிற்றைக் கவ்விக்கொண்டு வத்தை இழுத்தது, நண்டைக் காலாலேயே அமுக்கிப் பிடித்தது என்று அதுவரை நான் கேட்டிராத கதைகளெல்லாம் வந்தன. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு அப்பாவும் கேட்டார்.

மூன்றாம் நாள் கேன் காலி. பானைத் தண்ணீர் கலங்கி நாறத் தொடங்கியது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. “தண்ணி கெட்டுப் போச்சு, பாவம்” என்று அம்மா ராத்திரி பத்துத் தடவை புலம்பியிருப்பாள்.

காலையில் நான் எழுந்தபோது அப்பா பானை பக்கத்தில் குந்தியிருந்தார். வேட்டியெல்லாம் ஆற்று மணல். விடிவதற்கு முன்பே சைக்கிளை மிதித்துப் போய் ஊற்றுத் தோண்டி, ஒரு குடம் கொண்டுவந்து, பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பானை நிறைய ஊற்றியிருந்தார். முகமெல்லாம் பெருமை. “இங்க வந்து பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. இனிமே பொழைச்சுக்கும்” என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அதில் ஓராக் குஞ்சு வெள்ளை வயிறு தெரியச் சாய்ந்து கிடந்தது.

நான் ஓவென்று அழுதேன். அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. விரலால் அந்த மீனை ஒருமுறை நிமிர்த்திப் பார்த்தாள். அது மறுபடியும் சாய்ந்தது. “அது உப்புத் தண்ணியில பொறந்ததுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் வரை பானைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். காவிரித் தண்ணீர் பட்டு ஒரு உயிர் போகும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. பிறகு டிப்போ வரை போனவர் சாயங்காலம் திரும்பி வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், “நாலு நாள் லீவு சொல்லியிருக்கேன். காலைல முதல் பஸ். புடவை எடுத்து வை” என்றார். “எங்கேங்க?” என்று அம்மா கேட்கவில்லை. நேராகப் போய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினாள்.

மாமா வீட்டு வாசலில் போய் நின்றோம். அத்தைதான் வழக்கப்படி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்; கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கி நின்றாள். அப்பா வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு செம்பை நீட்டி, “இன்னும் கொஞ்சம் குடும்மா” என்றார். மாமா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, “வலை பார்க்கப் போறேன், வரீங்களா மாப்ளே?” என்றார்.

காவிரி வெள்ளத்திலேயே நீந்துகிறவர் என்று பேர் எடுத்த அப்பா, மடித்துக் கட்டிய வேட்டியோடு முட்டளவுத் தண்ணீரில், “காலைத் தூக்காதீங்க மாப்ளே” என்று மாமா அதட்ட அதட்ட, நடைவண்டிக் குழந்தையாகக் காலை இழுத்து இழுத்துப் போனார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களுக்கெல்லாம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை.

இப்போது நானும் அம்மாவும் திருச்சியிலேயே புத்தூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். குடிக்கும் தண்ணீர் கேனில் வருகிறது. அதில் காவிரியும் இல்லை, கிணறும் இல்லை. அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. போன கோடையில் அம்மாவை அந்தக் கரைக்கு அழைத்துப் போனேன். பெரிய படகுகள் அடியோடு வாரி இழுத்த வலைகளில் புல்லும் போய்விட்டது என்றார்கள். காலில் பட்டதெல்லாம் சேறுதான். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

“புல்லே இல்லம்மா, திருக்கை எங்க இருக்கப் போகுது? தூக்கி வெச்சே நட” என்றேன்.

“இருக்கட்டும்டி” என்றாள். “உங்கப்பா வந்தப்பல்லாம் இப்படித்தான் நடந்தார்.”

நானும் காலை இழுத்துக்கொண்டு அவள் கூடவே நடந்தேன்.