ஒத்தை ஷூவுக்குள் ஏழு கிழங்கு

போன வாரம் இத்தாலியிலிருந்து திரும்பினேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவைக் கவனிப்பவள் நான் — உங்களுக்குத்தான் தெரியுமே. எங்கள் சாம்பிளைப் பார்த்த பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் இத்தாலிக்காரர், அதன் உள்பக்கம் கையெழுத்துப் போட்டு, ஓகே சொல்லிவிட்டார். அந்த ஷூ வந்து சேர்ந்தால்தான் திங்கட்கிழமை தோலை வெட்ட ஆரம்பிக்க முடியும். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த ஜோரில்தான் அவர் வீட்டுத் தோட்டத்தில் அந்தச் செடியைப் பார்த்தேன். அடடா... அப்படி ஓர் ஊதாப் பூ! ஒரு கிழங்கு கிடைக்குமா என்றேன். மனுஷர் மண்வெட்டியோடு ஓடினார். ஒன்று கேட்டால் ஏழு கொடுத்தார். ஒரு தையலுக்கு ஒன்பது கேள்வி கேட்பவருக்கு எங்கிருந்து வந்தது இந்தத் தாராளம்? யோசித்தேனா நான்?

சாம்பிளின் வடிவம் கெடாமலிருக்க உள்ளே காகிதம் திணித்து வைப்போம். அதை உருவிவிட்டுக் கிழங்குகளைத் திணித்தேன். மண்ணோடு! ஆம்பூர்க்காரி மூளை வேறு எப்படி வேலை செய்யும்?

சென்னை விமான நிலையத்தில் ஸ்கேனர் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டது. செடிகளைச் சோதிக்கும் அதிகாரி ஓர் இளம்பெண். ஷூவைக் கவிழ்த்துத் தட்டினார். ஏழும் பொலபொலவென்று விழுந்தன.

"இன்னொரு ஷூ எங்க மேடம்?"

"இல்லம்மா. சாம்பிள்னா ஒத்தைக் கால்தான்."

"ஒத்தைக் கால் ஷூவை யார் மேடம் செய்வாங்க? அதுல எத்தனை கிழங்கு இருக்கு?"

சத்தியம் செய்தேன். நம்பாமல் பெட்டி முழுக்கக் குடைந்தார். அதற்குப் பிறகு சொன்னதுதான் இடி. "அனுமதி இல்லாம செடி, மண்ணு எதுவும் உள்ள வரக் கூடாது. மண்ணு பட்ட ஷூவையும் நாங்க எடுத்துக்கணும்."

வெட்கத்தை விட்டு அழுதே விட்டேன். "கிழங்கெல்லாம் எடுத்துக்கம்மா. ஷூவை மட்டும் குடுத்துடு. அது இல்லன்னா ஆர்டரே போய்டும்."

பாஸ்போர்ட்டைப் புரட்டியவர், "ஆம்பூரா?" என்றார். அவருக்குப் பக்கத்திலேயே ஒடுகத்தூராம். "எங்க வேர்க்கடலை நிலத்துல பாதிக்குப் பாதி பார்த்தீனியம் மேடம். அதுவும் வெளிநாட்டுல இருந்து வந்ததுதான். லீவுல போனா எனக்குக் களை புடுங்கறதே வேலை. ஆமா, இதைக் குடுத்தவர் ஜாஸ்தியா குடுத்தாரா?"

"ஒண்ணு கேட்டேன். ஏழு குடுத்தார்."

"அப்ப இதால அவரும் பேஜார் ஆயிருக்கார்."

அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டேன். மேலதிகாரியைக் கேட்டுவந்து, ஷூவைத் துடைத்து, மருந்தடித்துக் கையில் கொடுத்தார். கையெழுத்து அழியவில்லை, தெய்வமே! கிழங்குகள் எரிப்பதற்குப் போயின.

எப்படி நன்றி சொல்வதென்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை எங்க நிலத்துக்கு வாங்க மேடம். ஆள் கம்மி," என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் நிஜமாகவே போய் நின்றேன்.

நம் தொட்டியில் வைக்க ஆசைப்படுவது நாம்... குனிந்து பிடுங்குவது யாரோ. இல்லையா?

பத்தி இந்த வாரம் குட்டியாகிவிட்டது, மன்னியுங்கள் — பார்த்தீனியம் பட்டு வலது கை தாங்காத அரிப்பு, இடது கையால்தான் டைப் செய்கிறேன்.