கேட்காமலே கட்டிக் கொடுத்த மாத்திரை

ஒரு பெண் அடிவயிறு வலிக்கிறது என்றால் போடியில் அதற்கு ஒரே அர்த்தம்தான் போலிருக்கிறது.

இன்று சாயங்காலம் மருந்துக்கடையில், "அண்ணே, அடிவயித்துல வலி" என்றேன். மேற்கொண்டு சொல்வதற்குள் கடைக்காரர் ஒரு மாத்திரையைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, ஃபேனைப் பார்த்தபடியே நீட்டினார்.

"இது மாசாமாசம் வர்ற வலி இல்லண்ணே. பளு தூக்குறப்ப வலப்பக்கம் சுருக்குனு பிடிச்சுச்சு. தூக்காம இருந்தா சரியாகுது, திரும்பத் தூக்குனா வருது. இருமுனாலும் வலிக்குது."

குரங்கணி மலையிலிருந்து வந்த ஜீப்பில் இறங்கிய ஓர் அக்கா பக்கத்தில் நின்றார். அவர் கையெல்லாம் ஏலக்காய் வாசம்.

"பொம்பளப்பிள்ளைக்கு என்னத்துக்கு ஆத்தா அந்தச் சோலி? வெந்தயத்த முழுங்கிட்டுப் படு. வெரசா சரியாப்போகும்."

கடைக்காரர், "அம்மாவக் கூட்டிட்டு வாம்மா" என்றார்.

அம்மா ஏலத்தோட்டத்தில் இருக்கிறார். சனிக்கிழமைதான் மலையிலிருந்து இறங்குவார்.

எங்கள் பள்ளியில் பளு தூக்கும் பெண் நான் ஒருத்திதான். பயிற்சி தரும் சாரிடம் போன வாரமே சொன்னேன். "சரி சரி, மூணு நாள் லீவு எடுத்துக்க" என்று அவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நூலகத்துப் புத்தகத்தில் குடலிறக்கம் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது.

நாளை காலை அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது கூட வருகிறீர்களா? பளு தூக்கத் தெரிய வேண்டியதில்லை. டாக்டரிடம் நான் சொல்லி முடிக்கும்வரை வெந்தயம் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.