சித்தப்பா நாலு தடவை சிரித்தார்

சித்தப்பாவை வேவு பார்க்க என்னை அனுப்பியபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அனுப்பியது பெரியப்பா. வேவு என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. "கூடப் போயிட்டு வா" என்றுதான் சொன்னார். ஆனால் கூடப் போகிற பிள்ளையிடம் கோடு போட்ட நோட்டும் புதிதாகச் சீவிய பென்சிலும் கொடுத்தனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

எங்கள் தெரு நெசவாளர் தெரு. விடிந்ததும், தறியில் நெடுக்காக ஓடவேண்டிய பாவு நூலைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுத்துவிட வேண்டும். அந்த மூன்று மணி நேரம் தெருவுக்குள் சைக்கிள்கூட வராது. கோவில் யானை வந்தாலும் பாகன் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவான். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவைப் போல நேரான, நீளமான தெரு வேறு இல்லை என்று பெரியப்பா சொல்வார். அந்த நேரும் நீளமும்தான் வினையாகிவிட்டது. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை மூட்டைகளோடு ரயிலடிக்குப் போகிற லாரிகள் கோவிலைச் சுற்றிப் போக முடியாமல் திணறுகின்றன, ஆகவே உங்கள் தெருவைத் தார் ரோடாக்கி லாரிகளை அதன் வழியே விடப்போகிறோம் என்று சர்க்காரிடமிருந்து ஒரு காகிதம் வந்தது. தெருவில் லாரி ஓடினால் பாவு நீட்ட இடமில்லை. பாவு இல்லாவிட்டால் தறி இல்லை. அறுபது வீட்டிலும் அன்று அதுதான் பேச்சு.

காகிதம் இங்கிலீஷில் இருந்தது. அதைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர் தெருவிலேயே ஒருவர்தான், என் சித்தப்பா. பாளையங்கோட்டையில் தங்கி பி.ஏ. படித்தவர். அவர் அங்கே படித்துக்கொண்டிருந்த காலமெல்லாம், அவர் பங்குத் தறியையும் சேர்த்து நெய்தவர் பெரியப்பா. தெருக் கூட்டம் கூடி, அதிகாரியிடம் பேசப் படித்தவன்தான் வேண்டும் என்று முடிவு செய்து சித்தப்பாவைத் தலைவர் ஆக்கினார்கள். அன்று சாயங்காலமே அவர்மேல் சந்தேகமும் வந்துவிட்டது.

"காயிதத்துல இன்னது எழுதிருக்குன்னு அவன் சொல்லுதான். வேற என்ன எழுதிருக்குன்னு யாரு கண்டா?" என்றார் கடைசி வீட்டு அண்ணாச்சி.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டுவர எம்.ஏ. படித்த ஒருவரை அனுப்பினார்கள். குழாய் வந்தது. அவர் வீட்டு வாசலில் வந்தது. சித்தப்பாவும் படிப்பு முடிந்து வந்ததிலிருந்து கஞ்சிச் சட்டியில் கை வைப்பதில்லை. காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு, பாவுக்குக் குறுக்கே வராமல் ஓரமாகக் குனிந்து போவார். குனிந்து போவது மரியாதையா விலகலா என்பதில் தெருவுக்கு ஒருமித்த கருத்து இல்லை.

"படிச்சவன் ரெண்டு பேரு இங்கிலீசுல பேசிக்கிட்டா அதுக்குள்ள நாம கிடையாதுவே" என்றார் பெரியப்பா. தன் தம்பியைப் பற்றித்தான் சொல்கிறார் என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை.

அதிகாரி வடக்கே இருந்து புதிதாக வந்தவர். தமிழ் தெரியாது. கூட்டமாக வரவேண்டாம், ஒருவர் மட்டும் பங்களாவுக்கு வந்து பேசட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதனால்தான் பெரியப்பாவுக்கு என் நினைவு வந்தது. சின்னப் பிள்ளையை யாரும் இரண்டாவது ஆளாகக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

"ஏட்டி, ஒனக்கு இங்கிலீசு எம்புட்டுத் தெரியும்?"

நான் மூச்சு விடாமல் சொன்னேன். பழங்கள் இருபது, பறவைகள் பதினைந்து, கிழமைகள் ஏழு, மாதங்கள் பன்னிரண்டு, உடம்பின் உறுப்புகள் தொப்புள் நீங்கலாக எல்லாம். தொப்புளுக்கு டீச்சர் சொல்லித்தரவில்லை.

"ஆபீசரு பழத்தப் பத்தியா பேசப்போறாரு?" என்று கடைசி வீட்டு அண்ணாச்சி சிரித்தார்.

"பிள்ளைக்கு எண்ணத் தெரியும்லா. எண்ணிட்டு வரட்டும். பேச்சு புரியாட்டாலும் ஆளு யாரு பக்கம்னு எண்ணிக்கையில தெரிஞ்சிரும்" என்றார் பெரியப்பா.

அந்த யோசனை எல்லோருக்கும் பிடித்துப்போனது. எனக்கு ரொம்பவே பிடித்தது. ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல, நோட்டின் நடுப்பக்கத்தை விரித்து ஐந்து தலைப்பு எழுதினேன். ஒன்று, அதிகாரி எத்தனை தடவை பேசினார். இரண்டு, சித்தப்பா எத்தனை தடவை பேசினார். மூன்று, சித்தப்பா நின்றாரா, உட்கார்ந்தாரா. நான்கு, எத்தனை தடவை சிரித்தார். ஐந்து, தின்னவோ குடிக்கவோ ஏதாவது வாங்கினாரா. அடிஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். அம்மா மட்டும் உள்ளிருந்து, "பச்சப்பிள்ளைய எதுக்கு இதுல இழுக்கிய?" என்றாள். அப்பா தறிக்குழியிலிருந்து தலை தூக்கவே இல்லை.

மறுநாள் சித்தப்பா என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு போனார். பாதி வழியில், "நோட்டு எதுக்குட்டி?" என்றார்.

"பழம் லிஸ்ட் படிக்க."

சித்தப்பா சிரித்தார். அதை நான் எண்ணவில்லை. பங்களாவுக்குள் நடப்பதைத்தானே எண்ணச் சொல்லியிருந்தார்கள்.

பங்களாவில் பெரிய மின்விசிறி ஓடியது. மேசை நிறைய ஒரு வரைபடம் விரித்து, பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். அதிகாரி நாங்கள் நினைத்த மாதிரி மீசைக்காரர் இல்லை, சித்தப்பாவைவிடச் சின்ன வயசுபோல் இருந்தார். நாற்காலியைக் காட்டினார். சித்தப்பா ஒரு நிமிஷம் நின்றார், பிறகு உட்கார்ந்தார். மூன்றாம் கட்டத்தில் எழுதினேன். காப்பி வந்தது. குடித்தார். ஐந்தாம் கட்டம். எனக்கும் ஒரு பிஸ்கட் வந்தது. அதற்குத் தலைப்பு இல்லாததால் அதை எழுதாமல் தின்றேன்.

பிறகு பேச்சு. அதிகாரி பேசப் பேச நான் கோடு போட்டேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து. அவருடைய கட்டம் நிரம்பி வழிந்தது. சித்தப்பாவின் கட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஒரு பழத்தின் பெயரும் வரவில்லை. கிழமை மட்டும் இரண்டு வந்தன. சித்தப்பா ஒரு தடவை சிரித்தார். இன்னொரு தடவை. மூன்றாம் தடவை இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். மூன்றாவது கோட்டை அழுத்திப் போட்டேன். பெரியப்பா சொன்னது இதுதானோ என்று தோன்றியது.

அந்த நேரத்தில் சித்தப்பா என் பக்கம் கை நீட்டி, "பென்சிலக் குடுட்டி" என்றார்.

கொடுத்தேன். அவர் எழுந்து வரைபடத்தின் மேல் குனிந்து, மெதுவாக ஒரு கோடு போட்டார். நீளமான கோடு. நேராகப் போய் ஒரு வளைவு, கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு வளைவு. அதிகாரி பேசவே இல்லை. கன்னத்தில் கை வைத்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஏதோ கேட்டார். சித்தப்பா பதில் சொன்னார். பென்சில் திரும்ப என் கைக்கு வந்தபோது பேச்சு முடிந்திருந்தது.

திரும்பி வரும்போது சித்தப்பா விசிலடித்துக்கொண்டே மிதித்தார். தெரு முனையில் என்னை இறக்கிவிட்டுவிட்டுச் சொன்னார்: "பாத்ததெல்லாம் சொல்லு, என்ன? ஒண்ணும் விடக்கூடாது."

தலையாட்டினேன். நோட்டு எதற்கென்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பயந்துகொண்டே உள்ளே ஓடினேன்.

சாயங்காலம் பிள்ளையார் கோவில் முன்னால் கூட்டம். சித்தப்பா எழுந்து, "என்ன பேசுனோம்னு நான் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தார்.

"நீ இருடே. பிள்ள சொல்லட்டும்" என்றார் பெரியப்பா.

பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில் வாசித்தேன். அதிகாரி பேசியது அறுபத்து மூன்று. சித்தப்பா பேசியது பதினொன்று. முதலில் நின்றார், பிறகு உட்கார்ந்தார். சிரித்தது மூன்று. காப்பி ஒன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது.

"அறுபத்து மூணுக்குப் பதினொண்ணு! வாய வாடகைக்கு விட்டுட்டு வந்திருக்கான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"காப்பி நல்லா இருந்துச்சாவே?" என்றது இன்னொரு குரல்.

சித்தப்பா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "அவ்வளவுதானாட்டி?"

நோட்டை மறுபடி மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தேன். ஐந்து கட்டமும் படித்தாகிவிட்டது. "அவ்வளவுதான் சித்தப்பா."

அவர் வந்து என் கையிலிருந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். கட்டங்களை ரொம்ப நேரம் பார்த்தார். "நாலு தடவ சிரிச்சேன். ஒண்ண விட்டுட்டா" என்றார். சட்டைப் பையிலிருந்த இங்கிலீஷ் காகிதத்தை எடுத்துப் பெரியப்பா மடியில் வைத்தார். "இனி நீங்களே வச்சிக்கிடுங்க அண்ணே." அவ்வளவுதான். கூட்டத்தைத் தாண்டி, அங்கே பாவு இல்லாதபோதும், ஓரமாகக் குனிந்து போனார்.

பெரியப்பா தலைவரானார். அடுத்த வாரம் தெருவே திரண்டு பங்களாவுக்குப் போனது. அதிகாரி வெளியே வந்து பேசினார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. யாரும் உட்காரவில்லை, யாரும் சிரிக்கவில்லை, நீட்டிய தண்ணீரைக்கூட யாரும் வாங்கவில்லை. இதே மாதிரி மூன்று தடவை போய் வந்தார்கள். ஆடித்தபசுத் திருவிழா கழிந்த மாதத்தில் ஆட்கள் அளவுச் சங்கிலியோடு வந்து அளந்து வெள்ளைக் கல் நட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு கல்லும் நடவில்லை. எல்லாக் கல்லும் தெருவுக்குப் பின்னால் குளத்தங்கரையை ஒட்டிப் போயின. பெரியப்பாவுக்கு மாலை போட்டார்கள். சித்தப்பாவுக்கு அதற்குள் மேலநீலிதநல்லூரில் ஒரு ஆபீஸில் வேலை கிடைத்து, அங்கேயே தங்கிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தக் கற்களை எண்ணிக்கொண்டே நடந்தேன். நேராகப் போயின. பிறகு ஒரு வளைவு. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு வளைவு. அந்த இடத்தில் எண்ணிக்கை மறந்து நின்றுவிட்டேன். வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். கஞ்சி வடித்துக்கொண்டிருந்த அம்மா, "வாய மூடிட்டு இரி. மறுபடியும் ஆரம்பிக்காத" என்றாள்.

நான் டிப்ளமா முடித்து, இப்போது ரோட்டுக்கு அளவெடுக்கிற வேலைதான் பார்க்கிறேன். ஒரு நிலத்தில் இரண்டு வளைவோடு ஒரு பாதை போனால், அந்த நிலமே அப்படிக் கேட்டிருக்கலாம், ஒரு மனிதர் கேட்டிருக்கலாம், இரண்டும் நடந்திருக்கலாம். போன பொங்கலுக்குப் பெரியப்பாவிடம் அந்தப் பென்சில் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பியை நினைத்து வருந்துகிறார் என்று எண்ணினேன்.

"ரெண்டாவது வளைவு எங்கன திரும்புது?" என்றார்.

"புளியமரத்துக்கிட்ட."

"அதுக்குத் தெக்க யாரு நிலம்?"

எனக்குத் தெரியும். சித்தியின் அப்பாவுடையது. வளைவு இல்லாவிட்டால் ரோடு அதற்குள்தான் போயிருக்கும். கல் நட்ட மறு வருஷம்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம்.

"தெரியாமத்தான் கேக்கேன். எது முன்ன, எது பின்ன?" என்றார் பெரியப்பா. குரலில் வெற்றி இல்லை. அவருக்கும் நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். காகிதம், பங்களா, கோடு, கூட்டம், கல், கல்யாணம். பெண் பேசியது எப்போது என்பது மட்டும் எந்த இடத்திலும் உட்காரவில்லை. சித்தப்பாவிடமே கேட்கலாம். கேட்டால் சொல்வார். சொன்னால் நான் நம்ப வேண்டும், அல்லது நம்பாமல் இருக்க வேண்டும். இரண்டில் எதற்கும் நான் இன்னும் தயாராகவில்லை.

அந்த நாலாவது சிரிப்பு எப்போது என்று மட்டும் கண்டுபிடித்துவிட்டேன். சைக்கிளில் சிரித்தது பங்களாவுக்கு வெளியே; பென்சில் அவர் கையில் இருந்து, நான் கோடு போட முடியாதபோதுதான் சிரித்திருக்க வேண்டும். நான் விட்டதைத் தனக்கு எதிராகவே எடுத்துக் கொடுத்துவிட்டு ஏன் போனார் என்று அந்தக் கூட்டத்தில் நோட்டோடு நின்றிருந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு விளங்கவில்லை. ஒன்றும் விடாமல் சொல் என்றாரே, எல்லாவற்றையும்தானே சொன்னேன் என்று அவள் அழுதுகொண்டே தூங்கினாள். அந்தப் பென்சில் கோட்டைப் போலத் தலைப்பு இல்லாத ஒன்றையும் பார்த்ததாகச் சொல்லலாம் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.